யானையும் சன்னமும்

போர்க்களத்தில் ஆயிரம் யானைகளை வீழ்த்திய வீரனைப் பாடுவது பரணி என்பது பாட்டியல் மரபு. வேலும் வாளும் ஏந்தி யானையை எதிர்த்த காலத்தில் அஃது அருஞ்செயலேயாம். துவக்கு வந்தபின் அவ்வருமை குன்றிற்று. 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இலங்கையில் வாழ்ந்த மேஜர் ரொஜர்ஸ் என்னும் ஆங்கில அதிகாரி ஏறத்தாழ 1,400 யானைகளைச் சுட்டுக் கொன்றார் என்பர். 1845-ஆம் ஆண்டில் அப்புத்தளையில் இடி வீழ்ந்து அவர் இறந்தார். அவருக்குப் பரணி பாடினார் எவருமிலர்.

குளக்கோட்டன் பெயரோடு வழங்கும் பெருங்குளத்தையும் அதனைச் சூழ்ந்த காட்டையும் உடையது எமது கந்தளாய். யானை இங்கே கதைப்பொருள் அன்று. அறுவடைக் காலத்து அயலார். ஆதலின் எம்மிடம் தமிழ் கற்கும் மாணவர் ஒரு வினாவை அடிக்கடி எழுப்புவர். “வேட்டைக்காரரின் ஒரே சூட்டில் யானை விழுந்தது என்று நூல்களிற் படிக்கின்றோம். எங்கள் வயலிலோ பல சூடுகள் பட்டும் யானை விழாது ஓடுகின்றதே, ஏன்?” என்பதே அவ்வினா. விடை யானையிடத்தும் உண்டு, சன்னத்திடத்தும் உண்டு. இரண்டையும் ஈண்டு விளக்குவோம்.

முதலில் யானையை நோக்குவோம். அதன் மூளை ஏறத்தாழ ஐந்து கிலோகிராம் நிறையுடையது. எனினும் அத்துணைப் பெரிய தலையினுள் அது சிறியதோர் இலக்கேயாம். நெற்றிக்கும் மூளைக்கும் இடையே, தேன்கூடு போன்று காற்றறைகள் நிறைந்த எலும்பு தடித்து நிற்கின்றது. தோளின் பின்னே இதயத்தை நாடிச் செல்லும் சன்னமோ தடித்த தோலையும் தசையையும் விலாவெலும்பையும் ஊடுருவல் வேண்டும். இவ்விரு உறுப்புக்களுள் ஒன்றை எட்டாத சூடு யானையை உடனே வீழ்த்தாது, புண்படுத்தி அனுப்பும்.

பழைய துவக்குகள் உருண்டையான ஈயக் குண்டையே எறிந்தன. கரிமருந்து குண்டுக்குப் பெருவேகம் ஊட்டவல்லதன்று. ஆகவே வேகத்தாற் பெறமுடியாத வலிமையைப் பாரத்தாற் பெற முயன்றனர். கால் றாத்தல் நிறையுள்ள குண்டை எறியும் துவக்குகளும் செய்யப்பட்டன. நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர் என்பார் பிறிஸ்ரல் நகரத்துக் கிப்ஸ் என்னும் தொழிலாளரைக் கொண்டு 1840-இல் செய்வித்த துவக்கு 21 றாத்தல் நிறையுடையது. மூன்று அவுன்ஸ் உருண்டைக் குண்டையோ நான்கு அவுன்ஸ் கூம்புக் குண்டையோ எறியவல்லது. தூய ஈயம் எலும்பிற் பட்டதும் நசுங்கிவிடும். ஆகையால் வேட்டைக்காரர் அதனோடு வெள்ளீயத்தையோ இரசத்தையோ கலந்து கடினமாக்கினர். சன்னத்தின் வலிமை பருமனில் மாத்திரம் இல்லை, அதன் கட்டுறுதியிலும் உண்டு என்பதை அவர்கள் அன்றே உணர்ந்திருந்தனர்.

எமக்கு அண்மையிலுள்ள மின்னேரிக் குளக்கரையில் அதே பேக்கருக்கு நேர்ந்ததை அவரே எழுதிவைத்துள்ளார். காட்டெருமையொன்று சூடுகள் பல பட்டும் விழாது எதிர்த்து நின்றது. கையிலிருந்த குண்டுகள் தீர்ந்தன. கூலியாட்களுக்குக் கொடுக்க வைத்திருந்த சில்லறை நாணயங்களைத் துணியிற் சுற்றிக் குழாயில் இடித்து, பாய்ந்து வந்த எருமையின்மீது சுட்டு உயிர் தப்பினார். மாணவர் இதனை நகைச்சுவையாகக் கொள்ளினும், துணையாகாத குண்டை நம்பிப் பெருவிலங்கின் முன் நிற்றல் எத்தகையது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டா.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோடைற்று என்னும் புகையற்ற மருந்து வந்தது. 1898-இல் றிக்பி நிறுவனத்தார் .450 நைற்றோ எக்ஸ்பிறஸ் என்னும் தோட்டாவை வெளியிட்டனர். பின்வந்த .470 தோட்டாவின் சன்னம் 32 கிராம் நிறையே உடையது. எனினும் செக்கனுக்கு ஏறத்தாழ 655 மீற்றர் வேகத்திற் செல்லுதலால் 7,000 யூல் அளவான சத்தியைச் சுமந்து செல்கின்றது. வேகம் மிகவே புதிய இடர் தோன்றிற்று. வெறும் ஈயம் அவ்வேகத்தைத் தாங்காது. ஆதலின் ஈயத்துக்கு உலோக உறை இடப்பட்டது.

உறையிடும் முறையால் சன்னம் இருவகைப்பட்டது. முனையில் ஈயம் வெளித்தோன்ற விட்டது மென்முனைச் சன்னம். அஃது உடலிற் பட்டதும் காளான்போல் விரியும். அகன்ற புண்ணைச் செய்யும். ஆயின் விரிந்த முகம் தடையை மிகுவிப்பதால் ஆழச் செல்லாது. முனையை முழுவதும் மூடியது திண்சன்னம். அது விரியாது ஆழ ஊடுருவும். அலவாங்கால் நிலத்தைக் குத்தினால் ஆழ இறங்கும். அதே வலிமையோடு மண்வெட்டியின் தட்டையான முதுகால் அடித்தால் இறங்குமோ? மானுக்கு மென்முனையும் யானைக்குத் திண்சன்னமும் என்று வேட்டைக்காரர் வகுத்தமை இதனாலேயே. கல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள டம்டம் படைக்கலச்சாலையின் பெயர் பெற்ற விரியும் சன்னம் போரில் ஆகாதென 1899-ஆம் ஆண்டு ஹேக் மாநாட்டுப் பிரகடனம் விலக்கியதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

விரிதலும் வேண்டும், உடையாமையும் வேண்டும் என்பதே பிற்காலத்தார் எடுத்துக்கொண்ட சிக்கல். 1946-இல் ஜோன் நொஸ்லர் என்னும் அமெரிக்கர் கனடாவில் மூஸ் என்னும் பெரிய மானினத்தைச் சுட்டபோது அவரது சன்னம் உள்ளே செல்லாது மேலேயே சிதறிற்று. அவர் சன்னத்தின் நடுவே செம்புத் தடுப்பொன்றை அமைத்தார். தடுப்பின் முன்பாதி விரியும். பின்பாதி சிதையாது உள்ளே தள்ளிச் செல்லும். பின்னர் ஈயத்தை உறையோடு ஒட்டவைக்கும் முறை வந்தது. 1989-இல் பார்ன்ஸ் நிறுவனத்தார் ஈயமே இல்லாத முழுச்செம்புச் சன்னத்தை வெளியிட்டனர். அது விரிந்தபோதும் தன் நிறையை இழப்பதில்லை எனலாம். யானைக்கெனப் பித்தளையை ஒரே கட்டியாகக் கடைந்து திண்சன்னம் செய்கின்றனர். உருண்டை முனை உள்ளே திசைமாறிப் புரளக்கூடும். தட்டை முனை நேரே செல்லும் என்பதும் அறியப்பட்டது. ஆபிரிக்க நாடுகள் பலவற்றில் பெருவிலங்கு வேட்டைக்கு .375 அங்குலத்திற் குறைந்த துவக்கு சட்டத்தால் விலக்கப்பட்டுள்ளது.

இத்துணை நுட்பமும் இலக்கறியாதவனுக்குப் பயன்படாது. ஆபிரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்ற பெல் என்பார் பெரும்பாலும் 7 மில்லிமீற்றர்ச் சிறு துவக்கையே ஏந்தினார். திண்சன்னமும் மூளையிருக்கும் இடம்பற்றிய நுண்ணறிவுமே அவர் துணை. மேலும் இலங்கை யானைக்கு உதவிய நெற்றிச் சூடு ஆபிரிக்க யானையிடம் பலிக்கவில்லை என்று பேக்கர் கண்டார்; மண்டையின் அமைப்பு வேறாதலே காரணம்.

இனி மாணவரின் வினாவுக்கு வருவோம். எமது வயற்புறங்களில் யானைமேற் பாய்வன இடியன் துவக்கின் இரும்புத் துண்டுகளும் வேட்டைத் தோட்டாவின் ஈயக் குண்டுகளுமே. அத்தகைய குண்டொன்று நான்கு கிராமுக்கும் குறைந்தது. சில நூறு யூல் சத்தியே உடையது. மூளையையோ இதயத்தையோ அஃது எட்டாது. தோலுக்கும் தசைக்கும் இடையே தங்கிச் சீழ்கட்டும். காலிற் பட்டால் யானை மாதக்கணக்கில் நொண்டி, நீரும் இரையும் எட்டாது மெலிந்து மடியும். மடியுமுன் நோவினால் வெகுண்டு, சுடாத ஒருவனையும் வழியிற் கண்டால் விடாது. இரவிற் சுட்டவன் வீட்டிற் பத்திரமாயிருக்க, விடியலில் பால்கறக்கச் சென்றவன் மாளும் கொடுமை இவ்வாறே நிகழ்கின்றது.

1848-க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்துள் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500-க்கு மேற்பட்ட யானைகளுக்கு அரசாங்கம் வெகுமதி கொடுத்ததென எமேர்சன் தெனந்து எழுதியுள்ளார். அக்காலம் கழிந்தது. 1937-ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் யானைக்குக் காவலாய் நிற்கின்றது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இலங்கை முழுவதும் 6,000-க்கும் குறைந்த யானைகளே காணப்பட்டன. 2023-இல் மாத்திரம் 400-க்கு மேற்பட்ட யானைகளும் 150-க்கு மேற்பட்ட மனிதரும் இம்மோதலில் இறந்தனர். யானைகளின் இறப்புக்குத் துவக்குச் சூடு தலையாய காரணங்களுள் ஒன்று.

விளைந்த நெல்லை ஓரிரவில் இழக்கும் உழவனின் துயரை யாம் சிறிதென்று கூறோம். கடனும் பசியும் அவனைத் துவக்கெடுக்கச் செய்கின்றன. ஆயினும் மேலே கூறியவற்றால் ஒன்று தெளிவாகின்றது. யானையை நோவின்றி வீழ்த்தும் கருவியும் பயிற்சியும் அவனிடம் இல்லை. அவற்றை அவன் பெறுதற்குச் சட்டமும் இடந்தராது. அவன் கையிலுள்ள துவக்கு யானையை அகற்றுவதில்லை. புண்பட்ட பகைவனாக்கி மீண்டும் அவன் வேலிக்கே அனுப்புகின்றது. ஊரைச் சுற்றியும், பயிர்க்காலத்தில் வயலைச் சுற்றியும் முறையாக அமைத்துப் பேணப்படும் மின்வேலியே அவனுக்கும் யானைக்கும் நன்மை தருவது. வேலியமைத்தல் எளிது, புல் படராது வெட்டி, அறுந்த கம்பியை அன்றன்றே கட்டிப் பேணுதலே அரிது. அதற்கு ஊரார் ஒன்றுபடல் வேண்டும்.

எமது பழைய மாணவருள் வயலுடையாரும் உளர். திணைக்களங்களிற் பணிபுரிவோரும் உளர். பிறநாட்டில் வாழ்வோரும் உளர். இந்நிறைவு விழா ஆண்டில் அவர்கள் ஓர் ஊரின் வேலியையேனும் பொறுப்பேற்றுப் பேண முன்வருவராயின், அடுத்த அறுவடையில் அதன் பயனை அவ்வூரார் காண்பர்.