புயல் அலைக்குத் திசையும் வேண்டும்

'அலை 10 மீட்டர்' என்று கேட்டதும் புயல் கடலின் நிலை முழுதும் தெரிந்துவிட்டதாக நினைக்கிறோம். கப்பல் ஓட்டுபவருக்கு அது பாதிச் செய்திதான். ஒரே திசையில் வரும் பெரிய அலையை முகப்பைத் திருப்பிச் சமாளிக்கலாம். இரண்டு திசைகளிலிருந்து வருபவை குறுக்கிட்டால் அதைவிடச் சிறிய அலையும் கப்பலைப் புரட்டிவிடக்கூடும். ஆகவே உயரத்தோடு திசையையும் அளக்க வேண்டும். புயலுக்குள் அதைச் செய்ய இன்றும் சிறந்த வழி, விமானத்தில் பொருத்திய ராடார்தான்.

1998 ஆகஸ்ட் 24 அன்று, பஹாமாஸின் அபாக்கோ தீவுக்குக் கிழக்கே சுமார் 400 கி.மீ. தொலைவில் இருந்த போனி சூறாவளிக்குள் அமெரிக்கப் புயல் ஆய்வு விமானம் ஒன்று நுழைந்தது. அதிலிருந்த நாசாவின் ராடார், 8.3 மில்லிமீட்டர் அலைநீளக் கதிரை விமானப் பாதைக்குக் குறுக்கே இடமும் வலமுமாக வீசி, ஒவ்வொரு வீச்சிலும் 64 இடங்களில் கடல்பரப்பு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று அளந்தது. அந்தச் சாய்வுத் தொலைவைச் செங்குத்துத் தொலைவாக மாற்றி விமானத்தின் உயரத்திலிருந்து கழித்தால் அலைகளின் மேடுபள்ளம் வரைபடமாகக் கிடைக்கும். இந்த அளவீடுகளை ஆராய்ந்த எட்வர்டு வால்ஷும் குழுவினரும் கண்டது: தனி அலைகளின் உயரம் 19 மீட்டர் வரை எட்டியிருந்தது, பல இடங்களில் அலைகள் காற்று வீசும் திசையிலிருந்து வெகுவாக விலகிச் சென்றன, சில இடங்களில் ஏறக்குறைய சம வலிமையுள்ள மூன்று அலைக்கூட்டங்கள் ஒன்றையொன்று வெட்டின. காற்றை மட்டும் வைத்து அலையை ஊகித்திருந்தால் இது தெரிந்திருக்காது.

மிதவைகளும் செயற்கைக்கோள்களும் இருக்கும்போது விமானம் எதற்கு என்று கேட்கலாம். நங்கூரமிட்ட மிதவை அது இருக்கும் இடத்தில் மட்டும்தான் அளக்கும். புயல்தான் அதைத் தேடி வர வேண்டும். உயரமானி செயற்கைக்கோள் தன் பாதைக்கு நேர்கீழே உள்ள உயரத்தைச் சொல்லும், திசையைச் சொல்லாது. 2018-இல் ஏவப்பட்ட சீன-பிரெஞ்சுச் செயற்கைக்கோளான சிஎஃப்ஓசாட் திசையையும் அளக்கிறது. ஆனால் அது தருவது பல பத்துக் கிலோமீட்டர் பரப்பின் சராசரி. புயலின் மையத்தருகே அலைகள் அதைவிடக் குறைந்த தொலைவிலேயே மாறிவிடுகின்றன.

அளக்கும் நேரத்தில் அலையும் நகர்கிறதே, படம் கோணலாகாதா? ஆகும். ஆனால் ஆழ்கடலில் அலைநீளம் தெரிந்தால் வேகமும் தெரியும்: 300 மீட்டர் நீள அலை மணிக்கு சுமார் 78 கி.மீ. செல்லும். ஆகவே கோணலைக் கணக்கிட்டுத் திருத்திவிடலாம்.

செலவு அதிகம், பறப்பதோ சில மணி நேரம் என்பதும் உண்மை. ஆனால் எல்லாப் புயலுக்குள்ளும் பறக்கத் தேவையில்லை. போனியின் அளவீடுகளைக் கொண்டு 'வேவ்வாட்ச்' என்ற கணினி மாதிரியைச் சோதித்துப் பார்த்தார்கள். அந்த மாதிரியை ஹைதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையமும் அலை முன்னறிவிப்புக்குப் பயன்படுத்துகிறது. ஒரு புயலில் சில மணி நேரம் எடுத்த அளவு, விமானம் போகாத கடல்களின் கணிப்பையும் சரிபார்க்க உதவுகிறது. செலவை எடைபோடும்போது இதையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்.