இந்திய அறிவியல் மாநாடு

சென்னை மாநிலக் கல்லூரியின் ஜே. எல். சைமன்சன், லக்னோவின் பி. எஸ். மெக்மகோன் என்ற இரு வேதியியல் பேராசிரியர்களின் முயற்சியில் உருவானது இந்திய அறிவியல் மாநாடு. முதல் மாநாடு 1914 ஜனவரியில் கல்கத்தா ஆசியக் கழகத்தில் கூடியது. தலைவர் அசுதோஷ் முகர்ஜி. வந்தவர்கள் 105 பேர், வாசிக்கப்பட்ட கட்டுரைகள் 35. மறு ஆண்டே சென்னையின் முறை. 1929-இல் மீண்டும் சென்னையில் கூடியபோது சர் சி. வி. ராமன் தலைமை வகித்தார்.

பின்னாளில் இது ஆயிரக்கணக்கானோர் கூடும் திருவிழாவாகிவிட்டது. பெரும்பாலும் ஜனவரி 3 அன்று பிரதமர் தொடங்கிவைப்பார். பத்திரிகைகளுக்குச் செய்தி அதோடு முடிந்துவிடும். அதன்பிறகே பொறியியல், மருத்துவம், வேளாண்மை என்று துறைவாரியான அமர்வுகள் ஆரம்பமாகும்.

புதிதாகப் போன ஆராய்ச்சி மாணவருக்குப் பயன் மிகுந்த இடமாக இருந்தது சுவரொட்டி அரங்குதான். தம் ஆய்வை ஒரே தாளில் படமும் வரைபடமுமாக அச்சிட்டுப் பலகையில் ஒட்டிவிட்டு, அவர் பக்கத்திலேயே நிற்க வேண்டியிருக்கும். மேடையில் பேசினால் கேள்விக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். இங்கோ ஒரு மூத்த பேராசிரியர் வரைபடத்தில் விரலை வைத்து, "இந்தப் புள்ளி மட்டும் ஏன் தள்ளி நிற்கிறது?" என்று விடாமல் குடைவார். வேர்த்துக் கொட்டினாலும் ஆய்வுக்கு அது நல்லது.

அண்மைக் காலத்தில் தரம் குறித்த புகார்கள் எழுந்தன. 2019 ஜலந்தர் மாநாட்டில் கௌரவர்கள் சோதனைக்குழாய்க் குழந்தைகள் என்ற பேச்சு விஞ்ஞானிகளின் கண்டனத்துக்கு உள்ளானது. 2023-இல் நாக்பூரில் 108-ஆவது மாநாடு நடந்தது. பிறகு மத்திய அரசு நிதியை நிறுத்தியது; 2024 ஜனவரியில் மாநாடு கூடவில்லை.