ஞானப்பல்லை யார் எடுப்பது?

குலசேகரத்தில் ஸ்ரீ மூகாம்பிகா பல் மருத்துவக் கல்லூரி இருக்க, தெருமுனை கிளினிக்கில் ஞானப்பல்லை எடுக்கலாமா? அதைச் சொல்ல வேண்டியது பெயர்ப்பலகை அல்ல, எக்ஸ்ரே. கீழ்த்தாடை எலும்புக்குள் ஓடும் நரம்புதான் கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்வு தருகிறது. சிலருக்கு ஞானப்பல்லின் வேர் அதை உரசியபடியே கிடக்கும். அங்கே எலும்பைக் குடைந்து, பல்லைத் துண்டாக்கி எடுக்கையில் நரம்பு நசுங்கினால் உதடு மரத்துப்போகும். பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகிவிடும்; நிரந்தரமாவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. அப்படியென்றால் எல்லாரும் சர்ஜனைத் தேடி ஓட வேண்டுமா? வேண்டாம். நேராக முளைத்த மேல்பல்லை பி.டி.எஸ். மருத்துவரே எடுத்துவிடுவார். நரம்பை ஒட்டிச் சாய்ந்து புதைந்த கீழ்ப்பல்லுக்குத்தான், பி.டி.எஸ்.-க்கு மேல் 3 ஆண்டுகள் வாய், முக அறுவை சிகிச்சை படித்தவர் தேவை. வலிக்காத பல்லையும் "எதற்கும் எடுத்துவிடலாம்" என்பாரிடம் காரணம் கேளுங்கள்: நோயற்ற புதைபல்லை எடுக்க வேண்டாமென்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2000-லேயே சொல்லிவிட்டது.