பின்னால் நகரும் தேதி
வரிசையில் நிற்கும் வீடுகள் – 7

ஒவ்வொரு மாதமும் நடுவாக்கில் அமெரிக்க வெளியுறவுத் துறை ஓர் அறிவிப்பை வெளியிடுகிறது. விசா புல்லட்டின் என்பது அதன் முழுப்பெயர். எடிசனிலும் ஃபிரிஸ்கோவிலும் ஃபிரீமான்ட்டிலும் இருக்கிற நம் வீடுகளில் வெறும் 'புல்லட்டின்'. 'இந்தியா' என்ற பத்திக்குக் கீழே, ஈ.பி.2, ஈ.பி.3 என்ற வேலைப் பிரிவு வரிகளில் இருக்கும் தேதியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். உங்கள் கம்பெனி உங்களுக்காகத் தொழிலாளர் துறையிடம் முதல் மனு போட்ட நாள்தான் உங்கள் பிரையாரிட்டி டேட். புல்லட்டினில் இருக்கும் தேதிக்கு அது முந்தையதாக இருந்தால், கிரீன் கார்டு வரிசையில் உங்கள் முறை வந்துவிட்டது. இல்லையென்றால் அடுத்த மாதம் பார்க்க வேண்டியதுதான்.

இந்த வரிசை எப்படி இவ்வளவு நீண்டது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலை அடிப்படையில் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டு. மனைவி, கணவன், பிள்ளைகள் எல்லாரும் இந்தக் கணக்குக்குள்தான் வருவார்கள். எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. மற்றவர்கள் எடுக்காமல் மிச்சம் விழுந்தால்தான் கூடுதல். ஈ.பி.2 பிரிவுக்கென்று ஒதுக்கியது ஏறக்குறைய 40,000. அதில் 7 சதவீதம் என்றால் 2,800. ஐஸ்லாந்தில் பிறந்தவர்களுக்கு என்ன உச்சவரம்போ அதேதான் இந்தியாவில் பிறந்தவர்களுக்கும்.

பிறந்த நாடுதான் கணக்கு, குடியுரிமை அல்ல. கணவர் மன்னார்குடியில் பிறந்தவர். மனைவி, தன் அப்பா வேலை பார்த்த குவைத்தில் பிறந்தவர் என்று வையுங்கள். மனைவி பிறந்த நாட்டின் கணக்கில் இருவருமே வர முடியும். அந்த வரிசை பெரும்பாலும் இதைவிடப் பல ஆண்டுகள் குறைவு. லாயர் கேட்கவில்லை என்றாலும் நீங்களே சொல்லுங்கள். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போய் வந்த குடும்பங்கள் நம்மிடம் எத்தனையோ இருக்கின்றன.

நீளம்கூடப் பழகிவிடும். ஆளை உடைப்பது, இந்த வரிசை பின்னாலும் நகரும் என்பதுதான். கொரோனா காலத்தில் தூதரகங்கள் மூடிக் கிடந்ததால் உறவுமுறைப் பிரிவில் பயன்படாமல் போன எண்ணிக்கை, அடுத்தடுத்த ஆண்டுகளில் வேலைப் பிரிவுக்கு வந்து சேர்ந்தது. தேதிகள் ஓடின. 2022 செப்டம்பரில் இந்தியாவுக்கான ஈ.பி.2 தேதி 2014 டிசம்பர் 1. அதற்கு அடுத்த மாதமே 2012 ஏப்ரல் 1. 2023 ஏப்ரலில் 2011 ஜனவரி 1. பிரையாரிட்டி டேட் 2013இல் விழுந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். முறை வந்துவிட்டது, மெடிக்கல் முடிந்துவிட்டது, கைரேகையும் கொடுத்தாயிற்று. ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடமும் சொல்லியாயிற்று. அதிகாரி ஃபைலை எடுப்பதற்குள் தேதி அவரைத் தாண்டிப் பின்னால் போய்விட்டது. அவர் செய்த தவறு ஒன்றுமே இல்லை. ஆனாலும் அம்மாவிடம் அவர்தான் விளக்கம் சொல்ல வேண்டும்.

காத்திருப்பதைப் பற்றியே ஆராய்ச்சி செய்பவர் கேட் ஸ்வீனி. ரிவர்சைடில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர். வக்கீல் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காக நான்கு மாதம் காத்திருக்கும் சட்டப் பட்டதாரிகளை அவர் கவனித்தார். கவலையைக் குறைக்க அவர்கள் செய்த முயற்சிகள் பெரும்பாலும் பலிக்கவில்லை. நல்லதே நடக்கும் என்று தேற்றிக்கொள்வதும், அதைப் பற்றி நினைக்காமல் இருக்கப் பார்ப்பதும் பெரிதாக உதவவில்லை. நேரம் போவதே தெரியாமல் ஏதாவது ஒரு வேலையில் மூழ்கியவர்களுக்குக் காத்திருப்பு கொஞ்சம் இலகுவாக இருந்தது என்று இன்னொரு ஆய்வில் பார்த்தார். இதைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது, அந்தப் பட்டதாரிகளுக்கு முடிவு வரும் நாள் தெரியும் என்பது. நம் வீடுகளுக்கு அது தெரியாது. அதனால் 'பொறுமையாக இருங்கள்' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது. பதினைந்து வருஷமாகப் பொறுமையாகத்தான் இருக்கிறார்கள்.

சட்டம் நிறுத்தி வைப்பது ஒன்று. பயந்து நாமே நிறுத்தி வைப்பது இன்னொன்று. பல வீடுகளில் இரண்டும் கலந்துபோய்க் கிடக்கின்றன. இந்த வாரம் நான் சொல்ல வந்தது இதைத்தான்.

வேலையை எடுத்துக்கொள்வோம். வேலை போனால் எச்1பி வேலை விசாவில் இருப்பவருக்கு அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். அந்த பயம் நியாயமானது. அந்த பயத்தாலேயே மேலாளர் எப்படி நடத்தினாலும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களை எனக்குத் தெரியும். 'கம்பெனி மாறினால் டேட் போயிடும்' என்பார்கள். ஐ-140, அதாவது கம்பெனி உங்களுக்காகப் போடும் குடியேற்ற மனு, ஒப்புதல் ஆகிவிட்டால் பொதுவாக டேட் போகாது. புதிய கம்பெனி, பெர்ம் என்கிற அந்த முதல் மனுவிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும், அது உண்மை. ஆனால் பழைய தேதி உங்களோடு வரும். ஒப்புதல் கிடைத்து 180 நாள் கடந்துவிட்டால், பழைய கம்பெனி அதைத் திரும்பப் பெற்றாலும் அதை வைத்து ஆறு ஆண்டுக்கு மேல் எச்1பி நீட்டிக்க முடியும். ஒரு நல்ல லாயரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினால் தெரிந்துவிடும். அதைக் கேட்காமலேயே ஆண்டுகள் போகின்றன.

மனைவிகளின் கதை வேறு. பெரும்பாலான வீடுகளில் எச்4 என்ற துணைவர் விசாவில் இருப்பது அவர்கள்தான். 2015 மே மாதத்திலிருந்துதான், கணவரின் ஐ-140 ஒப்புதல் ஆகியிருந்தால் அவர்கள் வேலைக்குப் போக அனுமதி உண்டு. அதற்கு முன்பு, சென்னையில் ஒரு டீமையே நடத்திய பெண் இங்கே வந்து சம்பளம் வாங்க முடியாமல் ஆண்டுக்கணக்கில் இருந்தார். இப்போதும் இ.ஏ.டி. என்ற அந்த வேலை அனுமதி அட்டையின் புதுப்பிப்பு தாமதமானால் வேலை நிற்கிறது. கணவருக்காவது புல்லட்டின் இல்லாத நேரத்தில் அலுவலகம் இருக்கிறது. காத்திருப்பின் பெரிய பங்கு வீட்டில் இருப்பவர் தலையில்தான் விழுகிறது. அதை அந்த வீட்டு ஆண்கள் வாய்விட்டு ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஊர்ப் பயணத்தில் சட்டமும் பயமும் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கின்றன. அப்பாவுக்கு முடியவில்லை என்று போன் வந்தால், கை முதலில் பாஸ்போர்ட்டைத்தான் புரட்டுகிறது, விசா ஸ்டாம்பிங் தேதி பார்க்க. அது காலாவதி ஆகியிருந்தால் சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்க வேண்டும். கிடைத்தாலும் கூடுதல் சரிபார்ப்பு என்று நிறுத்தி வைத்தால் எப்போது திரும்புவோம் என்று தெரியாது. இதற்கு நான் எந்தத் தீர்வும் சொல்லப்போவதில்லை. ஒன்றே ஒன்று: போவதா வேண்டாமா என்பதை அந்தப் போன் வரும் ராத்திரியில் முடிவு செய்யாதீர்கள். இப்போதே கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசுங்கள். ஊரில் இருக்கும் அண்ணனிடமும் தங்கையிடமும் சொல்லி வையுங்கள்.

காத்திருக்கும் காலத்தில் கைக்கு வேலை கொடுக்க ஒரு நல்ல வழி, காகிதங்களைத் தேடுவது. எழுபதுகளில் கிராமத்தில் பிறந்தவர்களின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பல சான்றிதழ்களில் பெயரே இருக்காது. 'ஆண்' என்று மட்டும் இருக்கும். சிலருக்குப் பதிவே கிடையாது. அப்படியென்றால் பதிவு இல்லை என்று ஒரு சான்று வாங்கி, பிறந்ததை அறிந்த பெரியவர்களிடம் அஃபிடவிட் வாங்க வேண்டும். பெரியப்பாவும் அத்தையும் நல்ல நினைவோடு இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள். டேட் திறந்த மாதத்தில் ஓட முடியாது. அத்தையிடம் கையெழுத்து கேட்கப் போன ஒரு நண்பர், தான் பிறந்த இரவில் ஊரில் எவ்வளவு மழை பெய்தது என்பதை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டார்.

கூட்டாகச் செய்ததும் உண்டு. 2007 ஜூலை மாதத்துக்கான புல்லட்டின் ஏறக்குறைய எல்லா வேலைப் பிரிவுகளையும் திறந்துவிட்டது. வரிசையில் இருந்தவர்கள் மனைவியை ஊரிலிருந்து வரவழைத்து, மெடிக்கலுக்கு அலைந்து, மனுக்களை அனுப்பினார்கள். ஜூலை 2ஆம் தேதி, இடம் தீர்ந்துவிட்டது என்று அறிவிப்பு வந்தது. நம் ஆட்கள் திட்டி எழுதவில்லை. 'லகே ரஹோ முன்னாபாய்' வந்து ஓராண்டுகூட ஆகாத நேரம். அந்த இந்திப் படத்தில் எதிராளிக்குப் பூக்கொடுக்கும் காந்திகிரியை எடுத்துக்கொண்டு, குடியேற்றத் துறையின் இயக்குநர் எமிலியோ கொன்சாலஸுக்கு நூற்றுக்கணக்கில் பூங்கொத்துகள் அனுப்பினார்கள். அவர் அவற்றை வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் காயத்தோடு கிடந்த வீரர்களுக்குத் திருப்பிவிட்டார். ஜூலை 17ஆம் தேதி துறை தன் முடிவை மாற்றிக்கொண்டு, ஆகஸ்ட் 17 வரை மனுக்களை வாங்க ஒப்புக்கொண்டது. வழக்குகளும் அழுத்தமும் பின்னணியில் இருந்தன, பூவால் மட்டும் நடந்ததல்ல. ஆனாலும் அந்த இரண்டு வாரம் யாரும் தனியாக உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

நான் அதிகம் யோசிப்பது பிள்ளைகளைப் பற்றி. ஒரு நண்பர் வீட்டில் இரவுச் சாப்பாட்டு நேரம். "என்னங்க, வந்துடுச்சா?" என்றார் மனைவி. "வந்துடுச்சு. நகரல." பதினோராம் வகுப்புப் படிக்கும் மகள் சப்பாத்தியைப் பிய்த்தபடியே கேட்டாள்: "அப்பா, எனக்கு இருபத்தொண்ணு ஆறதுக்குள்ள வருமா, வராதா?" அவர் "வந்துடும்டா கண்ணு" என்றார். அம்மா குறுக்கிட்டார்: "அவகிட்ட பொய் சொல்லாதீங்க. அவளே எல்லாம் படிச்சிட்டுதான் கேக்குறா."

இருபத்தொன்று ஆகிவிட்டால் பெற்றோரின் கிரீன் கார்டு மனுவில் பிள்ளைக்கு இடமில்லை. அன்றைக்கு அவர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஐ-140 பரிசீலனையில் இருந்த நாள்களைப் பிள்ளையின் வயதிலிருந்து கழிக்கலாம். கூடுதல் கட்டணம் கட்டி அவசரமாக அந்த ஒப்புதலை வாங்கியிருந்ததால் அவர்களுக்குக் கிடைத்தது இரண்டு வாரத்துக்கும் குறைவு. வராது என்றுதான் கணக்கு சொன்னது. அழுகை வந்தது, அம்மாவுக்கு. மகள் ஏற்கெனவே கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களைக் குறித்து வைத்திருந்தாள்; அந்தப் பட்டியலை எடுத்து வந்து அப்பாவிடம் கொடுத்தாள். இங்கேயே படித்தால் மாணவர் விசாவுக்கு எப்போது மாற வேண்டும், கட்டணம் எவ்வளவு மாறும் என்று இருவரும் எழுத ஆரம்பித்தார்கள். நான் கிளம்பும்போதும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அந்த விசா மாற்றத்தில் என்னென்ன சிக்கல், எந்த வயதில் எதைத் தொடங்க வேண்டும் என்பதை அடுத்த வாரம் விரிவாக எழுதுகிறேன்.

(தொடரும்)