வயலில் விளையும் எரிபொருள்

மசகெண்ணெய் வளம் இல்லாத நாடுகளுக்கு எண்ணெய் விலையேற்றம் பேரிடராகும். வண்டிகள் ஓடாவிடின் உணவும் மருந்தும் உரிய இடத்தைச் சென்றடையமாட்டா. அந்நியச் செலாவணி இன்மையால் எரிபொருள் பெறமுடியாத துன்பத்தை 2022ஆம் ஆண்டில் இலங்கை மக்கள் நன்கு உணர்ந்தனர். ஆதலின், பயிரிலிருந்து எரிபொருளைப் பெறலாம் என்னும் கருத்து வளர்முக நாடுகளைக் கவர்ந்தமை வியப்பன்று. ஆயினும், இதனைப் பெறுதற்கு எவற்றைச் செலவிடுகின்றோம் என்பதை ஆராயாது இதன் பயனை மதிப்பிடல் இயலாது.

இவ்வெரிபொருள்களுள் முதன்மையானவை இரண்டு. கரும்புச் சாற்றிலுள்ள வெல்லத்தையோ, தானியத்தின் மாப்பொருளிலிருந்து பெற்ற வெல்லத்தையோ மதுவத்தால் நொதிக்கச்செய்து வடித்தெடுப்பது எதனோல் என்னும் மதுசாரம்; இது பெற்றோலுடன் கலக்கப்படும். தாவர எண்ணெயை மெதனோலுடன் தாக்கமுறச் செய்து பெறுவது உயிர் டீசல். 1900ஆம் ஆண்டு பாரிசு நகரப் பொருட்காட்சியிலேயே டீசல் இயந்திரமொன்று நிலக்கடலை எண்ணெயால் இயக்கிக் காட்டப்பட்டது. ஒரு லீற்றர் எதனோலில் உள்ள சக்தி, அதே அளவு பெற்றோலில் உள்ளதன் மூன்றில் இரண்டு பங்கே என்பதை விலையை ஒப்பிடுவோர் மறத்தலாகாது.

இத்துறையில் முன்னோடியாக விளங்குவது பிறேசில். 1973இன் எண்ணெய் நெருக்கடியால் தாக்குண்ட அந்நாடு, 1975ஆம் ஆண்டு நவம்பரில் தேசிய மதுசாரத் திட்டத்தைத் தொடங்கிற்று. 1979இல் எதனோலால் மட்டுமே ஓடும் மோட்டார் வண்டிகள் விற்பனைக்கு வந்தன. சில ஆண்டுகளில் புதிய வண்டிகளுட் பெரும்பாலானவை அத்தகையனவாயின. ஆனால் 1986இல் எண்ணெய் விலை வீழ்ந்தது. பின்னர்ச் சீனி விலை ஏறவே ஆலைகள் சீனி உற்பத்தியை நாடின. 1989இல் எதனோலுக்குத் தட்டுப்பாடு உண்டாயிற்று. மக்களும் நம்பிக்கை இழந்தனர். இரண்டு எரிபொருள்களையும் எவ்விகிதத்திலும் ஏற்கும் வண்டிகள் 2003இல் வந்த பின்னரே அந்நம்பிக்கை மீண்டது. பரந்த நிலமும் போதிய மழையும் அந்நாட்டிற்கு வாய்த்தன. கரும்புச் சக்கையை எரித்தே ஆலைகள் இயங்கியமையால் வேறு எரிபொருளும் அதிகம் வேண்டப்படவில்லை. எல்லா நாடுகளுக்கும் இவ்வாய்ப்புகள் கிட்டா.

இந்தியாவின் அனுபவம் இதனை விளக்கும். 2003ஆம் ஆண்டில் அந்நாட்டுத் திட்டக் குழு, தரிசு நிலங்களிற் காட்டாமணக்கைப் பயிரிட்டு உயிர் டீசல் பெறலாமெனப் பரிந்துரைத்தது. 2017ஆம் ஆண்டிற்குள் 20 சதவீதக் கலப்பை எய்துதல் 2009ஆம் ஆண்டுக் கொள்கையின் நோக்கமாயிருந்தது. அது கைகூடவில்லை. காட்டாமணக்கு வறட்சியைத் தாங்கி உயிர்வாழும். எனினும் நீரும் உரமும் இன்றி மிகுதியாகக் காய்ப்பதில்லை. அன்றியும், தரிசு எனப்பட்டவற்றுட் பல, ஏழை மக்கள் ஆடு மாடு மேய்த்து விறகு பொறுக்கிய நிலங்களாம்.

பெற்றோலில் 20 சதவீதம் எதனோல் கலக்கும் இலக்கை இந்தியா 2025இல் எய்தியது. இதற்கும் விலையுண்டு. கரும்போ மிகுதியான நீரை வேண்டும் பயிர். மழை குன்றியமையால், 2023ஆம் ஆண்டு டிசெம்பரில் கரும்புச் சாற்றிலிருந்து எதனோல் செய்வதை அரசு கட்டுப்படுத்த நேர்ந்தது. ஆலைகள் சோளத்தை நாடவே, கோழித் தீவனத்திற்கு அதனை வாங்குவோர் விலையேற்றத்தால் இடருற்றனர்.

பயிர் வளரும்போது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உள்வாங்குவதால், இவ்வெரிபொருள் வளியை மாசுபடுத்தாது எனச் சிலர் வாதிப்பர். காட்டை அழித்துப் பயிரிட்டால் இவ்வாதம் நில்லாது. இந்தோனேசியாவில் கரிச்சேற்று நிலக் காடுகளை வெட்டி எண்ணெய்ப்பனை நட்ட இடங்களில் வெளியேறிய காபனை ஈடுசெய்யப் பல தலைமுறைகள் செல்லும்.

எனவே, இத்திட்டங்களை ஆராய்வோர் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். பயிரிடுமுன் அந்நிலம் யாருக்குப் பயன்பட்டது? நீர் எங்கிருந்து வரும்? உணவு விலை ஏறின் அச்சுமையை யார் தாங்குவர்? சீனி ஆலையின் கழிவுப்பாகு, வைக்கோல், சமைத்தெஞ்சிய எண்ணெய் ஆகியன இவ்வினாக்களுக்குப் பெரிதும் அஞ்ச வேண்டாதவை. ஆயினும் அவற்றின் அளவு சிறிது. சூரிய ஒளியை மின்னாக்கும் தகடுகளோ, அதே பரப்பு நிலத்தில் பயிரினும் பன்மடங்கு சக்தியைத் தரவல்லன. விளைநிலத்தை எரிபொருளுக்கு ஒதுக்க எண்ணும் நாடு, முதலில் தன் மக்களின் உணவுக்கு வேண்டியதை அளந்து வைத்துப் பின்னரே எஞ்சியதைக் கணக்கிடுதல் அறிவுடைமையாகும்.