உழவுக் கருவிகளின் உருக்கும் தோய்ச்சலும்

ஸ்ரீபெரும்புதூர்த் தாலுகாவில் மழையை நம்பிப் புன்செய் உழும் குடியானவர்களுக்குப் பதமான ஈரம் இரண்டு மூன்று தினங்களே நிற்கும். அத்தருணத்தில் கொழு முறிந்து பட்டறைக்குப் போய்வர நேர்ந்தால் விதைப்பே தவறிவிடுகிறது. இரும்பு கெட்டது என்று கடைக்காரரைக் குறைகூறுவது வழக்கம். ஆனால் ஆராய்ந்து பார்க்கில், இரும்பைவிட அதற்குச் செய்த சூட்டுப் பக்குவமே அநேக சமயங்களில் குற்றமுடையதாயிருக்கும்.

இப்பக்கத்தில் 1998-ம் வருஷத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மோட்டார் தொழிற்சாலையும், 2012-ம் வருஷத்தில் ஒரகடத்தில் டெய்ம்லர் லாரித் தொழிற்சாலையும் உற்பத்தியைத் தொடங்கின. மோட்டார் வண்டியின் அச்சுக்கும் குடியானவரின் அரிவாளுக்கும் ஆதாரமான விதி ஒன்றே. அதனை இங்கே சுருக்கமாகக் கூறுவோம்.

கரியின் அளவு

இரும்புடன் சிறிதளவு கரி கலந்ததே உருக்கு. எடையில் 100-க்கு 0.25 பாகத்துக்குக் குறைவாகக் கரியுள்ளது மெல்லுருக்கு. கட்டடக் கம்பி, ஆணி முதலியவை இவ்வகை. 0.30 முதல் 0.60 வரையுள்ளது நடுத்தர உருக்கு. இயந்திரத் தொழிலாளர் ‘ஈ.என். 8’ என்று வழங்குவதில் சுமார் 0.40 பாகம் கரி உண்டு. அச்சு, போல்ட் முதலியவற்றிற்கு அது ஏற்றது. 0.60-க்கு மேற்பட்டது வெட்டுங் கருவிகளுக்கு உரியது. 2 பாகத்துக்கு மேற்பட்டால் அது வார்ப்பிரும்பாகி, சம்மட்டி அடிக்குத் தாங்காது.

கரி மிகுந்த உருக்கு நம் நாட்டுக்குப் புதிதன்று. பழைய தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்த மேல்சிறுவாளூரில், மூசையிலிட்டு உருக்குச் செய்ததற்கு அடையாளங்கள் கண்டெடுக்கப்பட்டிருக்கின்றன. இத்தகைய உருக்கு மேனாடுகளுக்குச் சென்றபோது, அங்குள்ள கொல்லர்கள் தம் வழக்கப்படி அதிகச் சூட்டில் அடிக்க, அது நொறுங்கிற்று. கரி மிகுந்த அளவுக்குச் சூட்டில் எச்சரிக்கை வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

தோய்ச்சலின் காரணம்

உருக்கு நன்கு சிவக்கக் காய்ந்தவுடன் அதிலுள்ள கரி, நீரில் உப்புப்போல இரும்பினுள் கரைந்து பரவுகிறது. மெல்ல ஆறவிட்டால் கரி பிரிந்து, உருக்கு மெதுவாகும். திடீரென நீரில் தோய்த்தால் கரி பிரிய அவகாசமின்றி உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. உருக்கு மிகக் கடினமாகிறது. மெல்லுருக்கில் கரி சொற்பமாகையால், எத்தனை முறை தோய்த்தாலும் வெட்டுங் கருவிக்கு வேண்டிய கடினம் வராது. கட்டடக் கம்பியில் அரிவாள் செய்வது வீண் செலவு.

சூட்டின் அளவு ஏறக்குறைய 800 முதல் 850 டிகிரி சென்டிகிரேடு. வெயிலில் நிறம் தெரியாது, நிழலிலேயே பார்க்கவேண்டும். சுமார் 770 டிகிரியில் உருக்கு காந்தத்தில் ஒட்டாமற் போகும். அதற்குச் சற்று மேலே காய்ச்சித் தோய்ப்பது நல்ல அடையாளம். வெண்மையாகும் வரை காய்ச்சினால் மணி பருத்து, கருவி எளிதில் முறியும்.

பதம் இறக்குதல்

தோய்த்த கருவி கண்ணாடி போன்றது. அதனை மீண்டும் இளஞ்சூடாக்கிப் பதம் இறக்குதல் இன்றியமையாதது. அவசரத்தில் இது விடுபடுவதாலேயே அநேக கொழுக்கள் முறிகின்றன. தோய்த்த விளிம்பைப் பளபளப்பாகத் தேய்த்து, பின்புறமிருந்து மெல்லச் சூடேற்றினால் நிறங்கள் வரிசையாக ஓடிவரும். அரிவாளுக்கு வைக்கோல் நிறத்திலும் (சுமார் 230 டிகிரி), கோடாலிக்கு ஊதாவிலும் (சுமார் 275), கொழு, மண்வெட்டி, கடப்பாரை நுனிகளுக்கு நீலத்திலும் (சுமார் 295) நிறுத்துக. காம்பு பொருந்தும் கண்ணையும் போல்ட் துளையையும் தோய்க்கலாகாது.

பழைய இரும்பு வாங்குவோருக்கு

லாரி ஸ்பிரிங் பட்டையில் கரி 0.50 முதல் 0.60 வரை இருப்பதால் அது கருவிகளுக்கு ஏற்றது. ஆனால் அதில் வேறு உலோகங்களும் சேர்ந்திருப்பதால், நீரில் தோய்த்தால் வெடிக்கக்கூடும். எண்ணெயிலேயே தோய்த்தல் நலம். எண்ணெய்ப் பாத்திரத்துக்கு இரும்பு மூடி அவசியம். தீப்பற்றினால் நீர் ஊற்றாமல் மூடியினால் அணைக்கவேண்டும்.

இனந்தெரியாத துண்டைச் சாணையில் பிடித்துப் பார்க்கலாம். பொறிகள் நீண்டு கிளையின்றிச் சென்றால் கரி குறைவு. பூப்போல வெடித்துச் சிதறினால் கரி மிகுதி. சிறு துண்டைக் காய்ச்சித் தோய்த்து அரத்தால் ராவியும் சோதிக்கலாம். அரம் வழுக்கினால் உருக்கு கடினமேற்கும். அதையே உடைத்துப் பார்த்து, முறிவு சாம்பல் நிறமாய்ப் பட்டுப்போல் இருந்தால் சூடு சரி. பெருமணலாகத் தோன்றினால் சூடு மிஞ்சிற்று என்று அறிக.

சாணை பிடிக்கும்போது விளிம்பு நீலமாகும்படி அழுத்தினால் அரிவாளின் பதம் போய்விடும். அடிக்கடி நீரில் நனைத்துத் தீட்டவேண்டும். டிராக்டர் சுழற்கலப்பைக் கத்தியில் வெல்டிங் வைப்பதாலும், சூடுபட்ட இடம் ஓரிடத்தில் மெதுவாகி, அடுத்த இடத்தில் வெடிப்புறும்.

கிராமப் பொது வேலைக்கு மண்வெட்டி, கடப்பாரை வாங்கும் அதிகாரிகள் விலையை மட்டும் பாராமல், மொத்தத்தில் ஒன்றையெடுத்து அரம் போட்டும் கல்லில் கொத்தியும் பார்த்தல் தகும். விளிம்பு மடங்கினால் கடினம் போதாது. தெறித்தால் பதம் இறக்கப்படவில்லை. குடியானவர்களும் தம் ஊர்க் கொல்லரிடம், தோய்த்தபின் பதம் இறக்கித் தரும்படி கேட்டு, அதற்குரிய கூலியையும் மனமுவந்து கொடுப்பார்களாக. அரைமணி நேர வேலையால் ஒரு பருவத்தின் உழவு காப்பாற்றப்படும்.