கம்பெனியையே விலை பேசும் வேலை… தெரியுமா?

எம்.பி.ஏ. முடித்த கையோடு ஒருவர் சோப்பு விற்கப் போகிறார். இன்னொருவர் வங்கியில் கடன் கொடுக்கப் போகிறார். மூன்றாமவரோ, அந்த சோப்புக் கம்பெனியையே வாங்கிப்போட்டால் கட்டுப்படியாகுமா என்று கணக்குப் போடப் போகிறார்! அப்படி ஒரு வேலை நிஜமாகவே இருக்கிறது. பெயர், கார்ப்பரேட் ஸ்ட்ராட்டஜி அண்ட் டெவலப்மென்ட். எந்தத் தொழிலில் இறங்கலாம், எதைக் கைகழுவலாம் என்று யோசிப்பது முன்பாதி. அதன்படி கம்பெனிகளை வாங்குவது, விற்பது, கூட்டுச் சேர்வது பின்பாதி. பல்லாயிரம் பேர் வேலை பார்க்கும் நிறுவனத்தில்கூட இந்த டீமில் பெரும்பாலும் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆட்கள். 'ஃப்ரெஷர்கள் தேவை' என்ற விளம்பரம் அபூர்வம். அப்படியானால் உள்ளே போவது எப்படி? ஆச்சரியங்களைப் பார்த்துக்கொண்டே வழியையும் பார்த்துவிடலாம், வாங்க!

சென்னைப் பெண் உட்கார்ந்த நாற்காலி எது, தெரியுமா?

பெப்சிகோவின் தலைவராக இருந்த இந்திரா நூயியை எல்லோருக்கும் தெரியும். 1994-ல் அவர் அங்கே சேர்ந்ததே ஸ்ட்ராட்டஜி பிரிவில்தான் என்பது தெரியுமா? அடுத்த சில ஆண்டுகள் அவருடைய பதவியின் பெயரிலேயே 'கார்ப்பரேட் ஸ்ட்ராட்டஜி அண்ட் டெவலப்மென்ட்' இருந்தது! 1997-ல் பீட்சா ஹட், கே.எஃப்.சி., டாகோ பெல் உணவகங்களைத் தனியாகப் பிரித்துவிட்டது, 1998-ல் டிராபிகானாவை வாங்கியது, 2001-ல் குவேக்கர் ஓட்ஸை வாங்கி முடித்தது என்று எல்லாவற்றிலும் அவர் கை இருந்தது. குவேக்கரிடம் இருந்த கேட்டரேட் பானத்தின் மேல் கோகோ-கோலாவுக்கும் ஒரு கண். 2000 நவம்பரில் கோக்கின் இயக்குநர் குழு வேண்டாம் என்று ஒதுங்க, பெப்சி தட்டிக்கொண்டு போனது!

சென்னை கிறிஸ்தவக் கல்லூரி, கல்கத்தா ஐ.ஐ.எம்., யேல் என்று படித்தவர் அவர். அவ்வளவு படித்தும், 1980-ல் நுழைந்தது பாஸ்டன் கன்சல்டிங் குரூப்பில். ஆறு ஆண்டுகள் கழித்துத்தான் மோட்டரோலா. ஆக, அவர் வந்ததே பக்கவாட்டுக் கதவு வழியாக!

கோவைக்காரர் சொன்னதை உலகமே படித்தது, தெரியுமா?

ஸ்ட்ராட்டஜி இன்டர்வியூவில் 'கோர் காம்பிடென்ஸ்', அதாவது ஒரு நிறுவனத்தின் மையத் திறன், என்ற சொல் எப்படியும் தலைகாட்டும். 1990-ல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் கேரி ஹேமலுடன் சேர்ந்து அதைப் பிரபலமாக்கியவர் கோவையில் பிறந்த சி.கே. பிரகலாத். சென்னை லயோலாவில் அவர் படித்தது பிசினஸ் அல்ல, இயற்பியல்! ஐ.ஐ.எம். அகமதாபாத் போவதற்கு முன்பே யூனியன் கார்பைடின் பேட்டரி தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டார். ஷாப் ஃப்ளோரில் கொஞ்ச நாள் இருந்தவருக்கு இந்த வேலையில் தனி மவுசு உண்டு.

டிஸ்னியின் 'ஸ்ட்ராட் பிளானிங்' யாரையெல்லாம் உருவாக்கியது, தெரியுமா?

பின்னாளில் ஈபேயின் தலைவியான மெக் விட்மன், டிஸ்னியின் சி.எஃப்.ஓ. ஆன டாம் ஸ்டாக்ஸ், பிக்ஸார், மார்வெல், லூகாஸ்ஃபிலிம் ஒப்பந்தங்களில் முன்னணியில் நின்ற கெவின் மேயர்… மூவருமே டிஸ்னியின் ஸ்ட்ராட்டஜிக் பிளானிங் டீமில் இருந்தவர்கள்! ஆனால் அந்த டீம் எல்லாப் பிரிவுகளின் யோசனைக்கும் முட்டுக்கட்டை போடுகிறது என்று நிறுவனத்துக்குள்ளேயே புகைச்சல். பாப் ஐகர் தலைவராகப் போகிறார் என்று அறிவிப்பு வந்த 2005-லேயே டீமைக் கலைத்து, சின்னதாக்கிவிட்டார். மறு வருடமே 740 கோடி டாலருக்கு பிக்ஸார் கைக்கு வந்தது!

5 பென்ஸில் முடிந்த ஏலம் தெரியுமா?

2007 ஜனவரி 30. லண்டன். ஐரோப்பாவின் கோரஸ் உருக்கு நிறுவனத்துக்கு டாடா ஸ்டீலும் பிரேசிலின் சி.எஸ்.என்.-னும் போட்டி. உற்பத்தியில் கோரஸ், டாடா ஸ்டீலைப்போல் மூன்று மடங்குக்கு மேல்! ஒன்பது சுற்று ஏலம், மறுநாள் அதிகாலை வரை நீண்டது. சி.எஸ்.என். கேட்டது பங்குக்கு 603 பென்ஸ். டாடா கேட்டது 608. வெற்றி! ஆனால் டாடா முதலில் சொன்ன விலை 455 பென்ஸ்தான். அடுத்த ஆண்டே உலகப் பொருளாதாரம் சரிந்தது. 2016-ல் கோரஸின் பிரிட்டிஷ் தொழிலில் ஒரு பகுதியை டாடா விற்ற விலை? வெறும் 1 பவுண்டு! ஏலத்தில் ஜெயிப்பது வேறு, வாங்கியதில் லாபம் பார்ப்பது வேறு.

பெயருக்கு மட்டும் 3,045 கோடி, தெரியுமா?

ஹார்லிக்ஸ் தயாரித்த ஜி.எஸ்.கே. கன்ஸ்யூமரை இந்துஸ்தான் யூனிலீவர் இணைத்துக்கொள்வதாக 2018 டிசம்பரில் அறிவித்தது. ரொக்கம் கைமாறவில்லை. ஒரு ஜி.எஸ்.கே. கன்ஸ்யூமர் பங்குக்கு 4.39 இந்துஸ்தான் யூனிலீவர் பங்குகள். 2020 ஏப்ரலில் இணைப்பு முடிந்தது. ஆனால் 'ஹார்லிக்ஸ்' என்ற பெயரின் இந்திய உரிமை அந்தக் கணக்கில் சேரவில்லை! அதற்குத் தனியாக 3,045 கோடி ரூபாய் கொடுத்தார்கள். எது விலைக்குள் அடங்கும், எது வெளியே நிற்கும் என்று ஒவ்வொரு வரியாகப் பார்ப்பதும் இந்த டீமின் வேலைதான்.

ஒரு சதவீதம் குறைந்தால் 179 கோடி காலி, தெரியுமா?

புதிதாகச் சேர்ந்தவரின் பொழுது பெரும்பாலும் எக்செல்லில்தான் போகும். ஒரு கம்பெனி அடுத்த ஆண்டு கையில் நிற்கும் பணமாக 100 கோடி தரும், அது ஆண்டுக்கு 5 சதவீதம் வளர்ந்துகொண்டே போகும், நாம் எதிர்பார்க்கும் வருமானம் 12 சதவீதம் என்று வையுங்கள். 100-ஐ, 12-லிருந்து 5 போக மீதியுள்ள 7 சதவீதத்தால் வகுத்தால் இன்றைய மதிப்பு சுமார் 1,429 கோடி. வளர்ச்சியை 5-லிருந்து 4 ஆக்கிப் பாருங்கள். 1,250 கோடி! ஒரே ஒரு கட்டத்தில் ஒரே ஒரு எண் மாறியது, 179 கோடி மாயம். அதனால்தான் இன்டர்வியூவில் விடையைவிட, 'அந்த 5 எங்கிருந்து வந்தது?' என்று குடைகிறார்கள்.

உங்கள் பெயரும் பான் எண்ணும் பட்டியலில் ஏறும், தெரியுமா?

பெரிய டீல்களுக்கு ரகசியப் பெயர் வைப்பது வழக்கம். பட்டியலிடப்பட்ட நிறுவனத்தின் டீல் என்றால், விஷயம் தெரிந்த ஒவ்வொருவரின் பெயரையும் பான் எண்ணையும் நேரக் குறிப்போடு பதிந்து வைக்கச் சொல்கிறது செபி விதி. நேற்றுச் சேர்ந்த டிரெய்னியும் விலக்கல்ல! விஷயம் தெரிந்துகொண்டு அந்தப் பங்கை வாங்கினாலும் குற்றம், மச்சானிடம் சொன்னாலும் குற்றம். ஆவணங்கள் இருக்கும் ஆன்லைன் 'டேட்டா ரூம்' இன்னும் உஷார். எந்தக் கோப்பை யார், எப்போது திறந்தார் என்பதெல்லாம் அதில் பதிவாகும்.

'வேண்டாம்' என்று சொல்லவும் சம்பளம், தெரியுமா?

2000 ஜனவரியில் ஏ.ஓ.எல்., டைம் வார்னர் இணைப்பை உலகமே கொண்டாடியது. 2002-ல் இணைந்த நிறுவனம் காட்டிய நஷ்டம் 9,870 கோடி டாலர்! அலசிய கம்பெனிகளில் பெரும்பாலானவற்றை ஒதுக்கிவிடுவதுதான் இந்த டீமின் அன்றாடம். 'எதை வாங்கலாம்?' என்பதற்குப் பத்துப் பேரும் பதில் வைத்திருப்பார்கள். 'எதை வாங்கவே கூடாது, ஏன்?' என்பதற்கும் பதில் வைத்திருப்பவர்தான் கண்ணில் படுவார்.

சிமென்ட் கம்பெனியின் கணக்கு இலவசம், தெரியுமா?

சென்னையின் இந்தியா சிமென்ட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூனில் அல்ட்ராடெக் சுமார் 23 சதவீதப் பங்குகளை வாங்க முடிவெடுத்தது. விலை, பங்குக்கு 267 ரூபாய் வரை. ஜூலையில் புரமோட்டர் தரப்பிடமிருந்து இன்னும் 32.72 சதவீதம் வாங்க ஒப்பந்தம் போட்டது. இம்முறை பங்குக்கு 390 ரூபாய்! 25 சதவீதத்தைத் தொட்டால், மற்ற பங்குதாரர்களிடமிருந்தும் குறைந்தது 26 சதவீதம் வாங்க முன்வர வேண்டும் என்பது செபி விதி; இதுதான் 'ஓப்பன் ஆஃபர்'. முதல் தவணை அந்தக் கோட்டைத் தொடவில்லை. இரண்டாவது தாண்டியது. ஓப்பன் ஆஃபரும் வந்தது.

ஒரே மாதத்தில் பங்குக்கு 123 ரூபாய் ஏன் கூடியது? 10.14 கோடிப் பங்குகளுக்கு அது சுமார் 1,247 கோடி! சந்தை விலை ஏறியதால் எவ்வளவு, கம்பெனியே கைக்கு வருவதால் எவ்வளவு? ஓப்பன் ஆஃபர் ஆவணங்கள் செபி தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைப் படித்து, அந்த 123 ரூபாயைப் பிரித்து இரண்டு பக்கத்தில் எழுதத் தெரிந்தவரை எந்த இன்டர்வியூ போர்டும் சாதாரணமாக அனுப்பிவிடாது.

சரி, கதவு எங்கே?

ஒன்று, கன்சல்டிங். இரண்டு, இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் அல்லது பெரிய ஆடிட் நிறுவனங்களின் டீல் பிரிவு. இவற்றில் சில வருடங்கள் இருந்தவர்களைத்தான் கம்பெனிகள் அதிகம் தேடுகின்றன. மூன்று, 1956-ல் ஜே.ஆர்.டி. டாடா காலத்தில் தொடங்கிய டாடா அட்மினிஸ்ட்ரேட்டிவ் சர்வீஸ் போன்ற தலைமைப் பயிற்சித் திட்டங்கள். கேம்பஸிலிருந்து நேராக எடுத்து, குழுமத்தின் வெவ்வேறு நிறுவனங்களில் சுற்றவிடுவார்கள். நான்கு, பலரும் கவனிக்காதது: சேர்ந்த கம்பெனியிலேயே பட்ஜெட், ஃபைனான்ஸ் பிளானிங் பிரிவு. ஒரு டீல் முடிந்ததும் இரண்டு கம்பெனிகளின் கணக்கு, ஆட்கள், சாஃப்ட்வேர் எல்லாவற்றையும் ஒட்டவைக்க ஆள் பற்றாக்குறை வரும். அப்போது கையைத் தூக்குங்கள். ஸ்ட்ராட்டஜி டீமுக்கு உங்கள் முகம் தெரிய அதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது.

பதவியின் பெயரைத் துரத்தாதீர்கள், கணக்கைத் துரத்துங்கள். இந்த வாரமே ஒரு ஓப்பன் ஆஃபர் ஆவணத்தை இறக்கி, 'நானாக இருந்தால் வாங்குவேனா?' என்று இரண்டு பக்கம் எழுதிப் பாருங்கள். மாதம் ஒன்று எழுதினால், பிளேஸ்மென்ட் சீசன் வரும்போது மற்றவர்கள் ரெஸ்யூமே நீட்டும் இடத்தில் நீங்கள் வேலையையே செய்து காட்டலாம்!